“எத்தனையாவது மாசத்துல பொறந்தா?”

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழுவினர் வந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. மருத்துவர் அவளைச் சற்று நேரம் உட்காரவைத்து மீண்டும் அளந்தார். குறையவில்லை. “டீச்சர், இவ எத்தனையாவது மாசத்துல பொறந்தா?” என்று என்னிடம் கேட்டார். அவளுடைய மதிப்பெண் எனக்குத் தெரியும், வீட்டு நிலைமை தெரியும், இது தெரியாது. மாலையில் அவள் அம்மாவை வரவழைத்துக் கேட்டேன். “ஏழாம் மாசம்ங்க டீச்சர். ஒன்னேகால் கிலோதான் இருந்தா. கண்ணாடிப் பெட்டியில வச்சுத்தான் காப்பாத்தினாங்க” என்றார்.

மருத்துவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன என்று வகுப்பில் நடத்துகிறோம். அவை எப்போது உருவாகின்றன என்று நடத்துவதில்லை. பாதிக்கும் மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. ஏறத்தாழ 36ஆம் வாரத்தில் அந்த வேலை முடிகிறது. 30 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு, பிறந்தபின் சில வாரங்கள் மட்டும் அது தொடரும். அப்போது உருவாகிறவற்றிலும் சில சரியான அமைப்பைப் பெறுவதில்லை. பிறகு வாழ்நாள் முழுவதும் புதிதாக ஒன்றுகூட உருவாகாது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதை, ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில் பணியாற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும், ஆள் தேய்ந்துபோவார். இருக்கும் நெஃப்ரான்கள் பெரிதாகி, கூடுதல் இரத்தத்தை வடிகட்டுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, ஆண்டுக்கணக்கில் தழும்பு விழுந்து சில செயலிழக்கின்றன. அவற்றின் சுமையும் மீதி இருப்பவற்றின் மேல் விழுகிறது. நெஃப்ரான் குறைவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் பாரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் 1988இல் முன்வைத்தனர்.

சுவீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 41 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. 28 வாரத்துக்கு முன் என்றால் மூன்று மடங்கு. ஆனால் அப்படிப் பிறந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் இந்நோய் வரவில்லை. பெற்றோரிடம் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றிய தாயிடம் போய் பயமுறுத்திவிட்டு வரக் கூடாது.

தொடக்கத்தில் இந்நோய்க்கு அறிகுறி இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பதும், மருத்துவர் சொன்னால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பதும்தான் வழி. பாக்கெட் தீனி, ஊறுகாய், அப்பளம் என்று சேரும் உப்பைக் குறைக்கலாம். உடல் எடை ஏறாமல் விளையாட விடலாம். மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரை கொடுக்கவே கூடாது. அவற்றில் பல, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. அந்த மாணவி தலைவலி என்று வந்த இரண்டு முறையும் என் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். இரண்டாம் முறை, “படிக்காம இருக்க ஒரு சாக்கு” என்றும் சொன்னேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறாள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இந்த ஜூனில் என் வகுப்புப் பெற்றோர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பிறந்த மாதத்தையும் எடையையும் கேட்டு, என் குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன். 38 பேரில் நான்கு பேர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். அடுத்த முறை மருத்துவக் குழு வரும்போது அந்த நால்வரையும் முதலில் அனுப்புவேன்.