ரூம் என்றால் யார்? தைபர் நதிக்கரைக் குடிசைகளிலிருந்து கைஸரின் அரண்மனை வரை

புனித அல்குர்ஆனின் முப்பதாவது அத்தியாயம் ஸூரா அர்ரூம். ரமழானில் தராவீஹ் தொழுகையில் வருடாவருடம் கேட்கிறோம். ஆனால் அந்த ரூம் யார் என்று கேட்டால் எம்மில் பலர் உலகப்படத்தில் இத்தாலியைத் தொட்டுக் காட்டுவார்கள். வரலாறு கற்பிப்பவன் என்ற வகையில் வகுப்பறையிலும் வெளியிலும் இந்தப் பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அண்மைக்காலமாக வட்ஸ்அப் குரல் பதிவுகளில் இன்னொரு பதிலும் உலாவுகிறது. ரூம் என்றால் அமெரிக்காவாம், ஐரோப்பாவாம், நேட்டோவாம். மறுமைக்கு முன்னர் நிகழவிருக்கும் யுத்தங்கள் பற்றிய ஹதீஸ்களில் ரூம் என்று வரும் இடங்களிலெல்லாம் வாஷிங்டனை வைத்து வாசித்து, சிலர் ஆண்டுக் கணக்குக்கூடச் சொல்லிவிடுகிறார்கள்.

ஹதீஸ்களுக்கு விளக்கம் சொல்வது உலமாக்களின் பணி. அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் அந்தச் சொல்லை முதன்முதலில் செவிமடுத்த மக்காவாசிகளுக்கு அது யாரைக் குறித்தது என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடையைப் புரிந்துகொள்ள, நபி (ஸல்) அவர்களது காலத்திலிருந்து ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலியின் நடுப்பகுதியில் தைபர் என்றொரு நதி ஓடுகிறது. அதன் கரையிலிருந்த சில குன்றுகளில் இடையர்களும் விவசாயிகளும் களிமண் குடிசைகளில் வாழ்ந்தார்கள். பலத்தீன் குன்றில் அக்குடிசைகளின் கம்பங்கள் நடப்பட்ட குழிகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அவை கி.மு. 8ஆம் நூற்றாண்டு அளவைச் சேர்ந்தவை. நதியைக் கடப்பதற்கு இலகுவான இடம், கடலிலிருந்து உப்பு கொண்டு செல்லும் பாதை, வெள்ளம் ஏறாத மேடு. ரோமின் ஆரம்பம் இவ்வளவுதான்.

பிற்கால ரோமர்களுக்கு இது போதவில்லை. ஓநாய் பாலூட்டி வளர்த்த ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைச் சகோதரர்களின் கதையைச் சொன்னார்கள். கி.மு. 753இல் ரோமுலஸ் நகரை நிறுவினான் என்று ஆண்டும் குறித்தார்கள். இது ஐதீகம், வரலாறு அல்ல. என்றாலும் ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் அதன் மனம் தெரியும். அந்தக் கதையில் ரோமுலஸ் தன் புதிய நகருக்கு ஆட்களைச் சேர்க்க அயலூர்களிலிருந்து ஓடிவந்தவர்கள், கடனாளிகள், தப்பிவந்த அடிமைகள் எல்லோருக்கும் புகலிடம் கொடுக்கிறான். அதற்கும் முந்திய மூதாதை ஈனியாஸோ இன்றைய துருக்கிக் கரையிலிருந்த ட்ரோய் நகரின் அகதி. பெரும்பாலான சமூகங்கள் தம் மூதாதையரை மன்னர்களிலும் தேவர்களிலும் தேடும். ரோமர்கள் அகதிகளிடமும் ஓடிவந்தவர்களிடமும் தேடினார்கள். எனக்கு ரோம வரலாற்றில் மிகவும் வியப்பூட்டும் விடயம் இதுதான்.

கதையில் மட்டுமல்ல, நிஜத்திலும் அது ஒரு கலப்பு நகரம். இலத்தீன் பேசியோர், மலைப்பக்கத்துச் சபைன் மக்கள், வடக்கேயிருந்த எட்ரஸ்கர்கள் எல்லோரும் அதில் கலந்தார்கள். ஏழு மன்னர்கள் ஆண்டதாகச் சொல்லப்படுகிறது. கடைசி மன்னன் டார்குவின் எட்ரஸ்க வம்சத்தவன், கொடுங்கோலன். கி.மு. 509இல் அவனைத் துரத்திவிட்டு ரோமர்கள் குடியரசை அமைத்ததாக அவர்களது மரபு சொல்கிறது.

அந்தக் குடியரசின் அமைப்பு சந்தேகத்தின் மீது கட்டப்பட்டது. ஒரு மன்னனுக்குப் பதிலாக இரண்டு கொன்சல்கள். பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். ஒருவர் எடுக்கும் முடிவை மற்றவர் தடுக்கலாம். பின்னணியில் செனட் சபை. ஆபத்து வந்தால் மட்டும் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுப்பார்கள். அவருக்குப் பெயர் டிக்டேட்டர். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அவர் பதவியில் இருக்க முடியாது. இன்று நாம் சர்வாதிகாரி என்று மொழிபெயர்க்கும் சொல் முதலில் தவணை குறிக்கப்பட்ட ஒரு சட்டபூர்வமான பதவியின் பெயர் என்பதை மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்.

சாதாரண மக்களான பிளேபியர்களுக்கு இதில் ஆரம்பத்தில் இடமில்லை. கி.மு. 494இல் அவர்கள் எடுத்த ஆயுதம் வேலைநிறுத்தம். யுத்தத்துக்கு வரமாட்டோம் என்று நகரை விட்டு வெளியேறிக் குன்றொன்றில் போய் அமர்ந்துகொண்டார்கள் என்கிறது அவர்களது வரலாறு. அதன் பலனாக மக்களைப் பாதுகாக்கும் ட்ரிபியூன் என்ற பதவி உருவானது. கி.மு. 450 அளவில் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதப்பட்டன. அதுவரை சட்டம் உயர்குடியினரின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. எழுதப்படாத சட்டம் யாருக்குச் சாதகமானது என்பதை விளக்கத் தேவையில்லை. கி.மு. 287 ஆகும்போது மக்கள் சபையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. இருநூறு வருடப் போராட்டம்.

யுத்தங்களைப் பட்டியலிட்டால் இந்தக் கட்டுரை முடியாது. வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரோடு ரோம் மூன்று முறை மோதியது. இரண்டாவது யுத்தத்தில் ஹன்னிபல் யானைகளுடன் அல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமைக் கதிகலங்க வைத்தான். கி.மு. 146இல் கார்த்தேஜை ரோமர்கள் தரைமட்டமாக்கினார்கள், எஞ்சிய மக்களை அடிமைகளாக விற்றார்கள். கார்த்தேஜ் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். அது மீண்டும் வரும்.

வெற்றிதான் குடியரசைக் கொன்றது. கைப்பற்றிய நாடுகளிலிருந்து அடிமைகளும் செல்வமும் வந்து குவிந்தன. வருடக்கணக்கில் போர்முனையில் நின்ற சிறு விவசாயி ஊர் திரும்பியபோது அவனது காணி பெரும் பண்ணையொன்றுக்குள் போயிருந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய பொதுக்காணிக்கு வரம்பு விதித்து மிகுதியை ஏழைகளுக்குப் பகிர முயன்றார் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிபியூன். கி.மு. 133இல் செனட் உறுப்பினர்களே அவரை அடித்துக் கொன்றார்கள். அவரோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தம்பி கையஸுக்கும் பன்னிரண்டு வருடங்களின் பின் அதே கதி.

பிறகு காணியில்லாதவர்களும் படையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சம்பளமும் காணியும் கிடைப்பது தளபதியின் கையில் இருந்ததால் அவர்களின் விசுவாசம் நாட்டுக்கல்ல, தளபதிக்கே சென்றது. சுல்லா தன் படையோடு சொந்த நகருக்குள்ளேயே புகுந்தான். பின்னர் காலவரையறையில்லாத டிக்டேட்டரானான். ஜூலியஸ் சீசரும் அதே வழியில் சென்று கி.மு. 44 மார்ச் 15இல் செனட் சபைக் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்டார்.

கொன்றவர்கள் குடியரசைக் காப்பாற்றியதாக நினைத்தார்கள். சீசரின் சுவீகாரப் புத்திரன் ஒக்டேவியன் அவர்களைவிடக் கெட்டிக்காரன். கி.மு. 27இல் ஒகஸ்டஸ் என்ற பட்டத்தைப் பெற்ற அவன் எதையும் ஒழிக்கவில்லை. செனட் கூடியது, கொன்சல்கள் வருடாவருடம் தெரிவானார்கள், தேர்தல்களும் நடந்தன. ஆட்சியைச் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே அறிவித்தான். படைகள் நின்ற மாகாணங்களையும் ட்ரிபியூனின் அதிகாரத்தையும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான். தன்னை மன்னன் என்று அழைக்கவும் விடவில்லை. முதன்மைப் பிரஜை என்றான். கி.பி. 14இல் அவன் மரணித்தபோது, உண்மையான குடியரசைக் கண்ணால் கண்டவர்கள் அநேகமாக யாரும் உயிரோடு இருக்கவில்லை. ஓர் ஆட்சிமுறையை அதன் பெயரைக்கூட மாற்றாமல் ஒழித்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சீசர் என்ற குடும்பப் பெயர் அதன்பின் பட்டமாயிற்று. அறபியில் கைஸர் என்பது அதுதான்.

பிரஜாவுரிமை என்ற சொல்லின் கனதியை இந்நாட்டு வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரோம் கொடூரமான அரசு. அடிமைகளின் முதுகில் நின்றது. கி.பி. 70இல் ஜெரூஸலத்தின் ஆலயத்தை எரித்தது. ஆனால் தோற்கடித்தவர்களைக் காலப்போக்கில் பிரஜைகளாக்கும் வழக்கமும் அதனிடம் இருந்தது. முறைப்படி விடுதலையான அடிமையும் பிரஜையானான். கி.பி. 48இல் கோல் பிரதேசத்து, அதாவது இன்றைய பிரான்ஸின், தலைவர்களைச் செனட்டில் சேர்ப்பதா என்ற விவாதம் எழுந்தது. பேரரசன் கிளாடியஸ் அதற்கு ஆதரவாகப் பேசினான். ரோமின் ஆதி மன்னர்களிலேயே வெளியூரார் இருந்தார்கள் என்பது அவனது வாதம். வெண்கலத்தில் பொறிக்கப்பட்ட அந்தப் பேச்சின் பகுதிகள் லியோன் நகரில் கிடைத்துள்ளன. கி.பி. 212இல் கரகல்லா சாம்ராஜ்யத்தின் சுதந்திர மக்கள் அநேகமாக அனைவருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தான். வரி வசூலைக் கூட்டவே கொடுத்தான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் குறைகூறியிருக்கிறார். நோக்கம் எதுவானாலும் அன்றிலிருந்து சிரியாக்காரனும் எகிப்தியனும் ரோமன்தான். கரகல்லாவின் தந்தை செவரஸ் இன்றைய லிபியாவில் பிறந்தவர். கி.பி. 248இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடிய பேரரசன் பிலிப் தென் சிரியாவின் ஷஹ்பா என்ற ஊரைச் சேர்ந்தவர். அவரை வரலாறு 'அறபியரான பிலிப்' என்றே அழைக்கிறது.

அந்த கிளாடியஸின் காலத்தில்தான் எமது தீவும் இக்கதைக்குள் வருகிறது. செங்கடல் வரி சேகரிப்பாளர் ஒருவரின் ஆள், அறேபியக் கரையோரமாகச் செல்கையில் காற்றில் அள்ளுண்டு பதினைந்தாம் நாள் தப்ரபேனில், அதாவது இலங்கையில், கரையொதுங்கியதாக பிளினி எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த தினாரியஸ் நாணயங்களில் வெவ்வேறு மன்னர்களின் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு இங்கிருந்த அரசன் வியந்தானாம். நான்கு தூதர்களை ரோமுக்கு அனுப்பினானாம். அந்தத் தினாரியஸ்தான் கிரேக்கத்தின் வழியாக அறபுக்கு வந்து, அல்குர்ஆனிலும் இடம்பெறும் 'தீனார்' ஆனது.

கி.பி. 235க்குப் பின் ஐம்பது வருடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள். பெரும்பாலானோர் தம் படையினராலேயே கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து மீண்ட சாம்ராஜ்யத்தின் மையம் கிழக்கே நகர்ந்தது. கி.பி. 330இல் கொன்ஸ்டன்டைன் பொஸ்பரஸ் கரையில் புதிய தலைநகரைத் திறந்தார். அது கொன்ஸ்தாந்திநோபிள், இன்றைய இஸ்தான்பூல். கி.பி. 476இல் இத்தாலியில் கடைசிப் பேரரசன் பதவி நீக்கப்பட்டபோது மேற்கு விழுந்தது. கிழக்கு விழவில்லை. எமது மாணவர்கள் "476இல் ரோம் வீழ்ந்தது" என்று மனனம் செய்வதால் ஏற்படும் குழப்பம்தான் முதலில் சொன்ன இத்தாலிப் பதிலுக்குக் காரணம். கிழக்கிலிருந்தவர்கள் கிரேக்கம் பேசினார்கள், கிறிஸ்தவர்களாயிருந்தார்கள், தம்மை ரோமர் என்றே அழைத்தார்கள். பைசாந்தியர் என்ற பெயரை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள்தாம் அவர்களுக்குச் சூட்டினார்கள்.

குர்ஆன் சொல்லும் ரூம் இவர்களே. கி.பி. 602இல் தொடங்கிய யுத்தத்தில் பாரசீகர்கள் சிரியாவைப் பிடித்தார்கள், 614இல் ஜெரூஸலத்தைப் பிடித்தார்கள், பிறகு எகிப்தையும் பிடித்தார்கள். வேதத்தையுடையோரின் தோல்வியில் மக்கா முஷ்ரிக்குகள் மகிழ்ந்தார்கள். அந்நிலையில்தான் சில வருடங்களுக்குள் ரூம் மீண்டும் வெல்லும் என்று ஸூரா அறிவித்தது. மூலத்திலுள்ள 'பிழ்உ' என்ற சொல் மூன்று முதல் ஒன்பது வரையான எண்ணிக்கையைக் குறிக்கும். அன்றைய நிலவரத்தில் எந்த அரசியல் நோக்கரும் அப்படிக் கணித்திருக்க மாட்டார். கருவூலம் காலி, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயம் அடித்தார்கள். 626இல் தலைநகரே முற்றுகைக்குள்ளானது.

ஹிரக்ல் என்று நாம் அறியும் ஹெரக்ளியஸ் 622இல் எதிர்த்தாக்குதலைத் தொடங்கி, 627 டிசம்பரில் நினவாவுக்கு அருகே பாரசீகரை முறியடித்தார். வெற்றிச் செய்தி பத்ர் தினத்தில் வந்தது என்றும் ஹுதைபிய்யாக் காலத்தில் வந்தது என்றும் இரு கருத்துகள் தப்ஸீர்களில் உள்ளன. இந்த ஹிரக்ல் எங்கிருந்து வந்தவர்? தந்தை ஆர்மேனிய வழி வந்தவர், வட ஆபிரிக்காவின் ஆளுநர். மகன் ஆட்சியைப் பிடிக்கக் கப்பலேறிய இடம் கார்த்தேஜ். ரோம் தரைமட்டமாக்கி, பின் தானே மீளக் கட்டிய அதே கார்த்தேஜ். திஹ்யதுல் கல்பீ (ரழி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்கள் 'ரூமின் தலைவர்' என விளித்துக் கடிதம் அனுப்பியதும் இவருக்கே.

ஸஹாபாக்களில் ஸுஹைப் அர்ரூமி (ரழி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையால் அவர் அறபி. சிறுவயதில் ரோமரிடம் கைதியாகி அவர்களிடையே வளர்ந்ததால் 'ரூமி' ஆனார். ஆறு நூற்றாண்டுகளின் பின் மௌலானா ஜலாலுத்தீன் கொன்யாவில் வாழ்ந்ததால் 'ரூமி' ஆனார். அனத்தோலியா ரூம் தேசம் என அழைக்கப்பட்டதே காரணம். 1453 மே 29இல் கொன்ஸ்தாந்திநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் அல்பாதிஹ் 'கைஸரே ரூம்' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார். இனமாக, தோல் நிறமாக, 'மேற்குலகமாக' அந்தச் சொல் எப்போதும் இருந்ததில்லை. அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோகிறவர்கள் இடையில் எத்தனை பேரைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏஜியன் கடலில் லெம்னொஸ் என்றொரு தீவு இருக்கிறது. 1912இல் உஸ்மானியரிடமிருந்து கிரேக்கப் படை அதைக் கைப்பற்றியது. அத்தீவில் பிறந்து பின்னாளில் வரலாற்றாசிரியரான பீட்டர் சரானிஸ் அன்றைய சம்பவமொன்றைப் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கச் சிப்பாய்களை வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் ஓடினார்கள். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒரு சிப்பாய் கேட்டான். கிரேக்கர்களைப் பார்க்க வந்தோம் என்றார்கள். "ஏன், நீங்களும் கிரேக்கர்கள்தானே?" என்றான் அவன்.

இல்லை, நாங்கள் ரோமர்கள் என்றார்கள் அந்தச் சிறுவர்கள்.