பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

பேஸ்பால், ஹாக்கி இரண்டிலும் ரசிகர்கள் தேடிப் படிப்பவை, ஒரு காலத்தில் நிர்வாகிகளுக்கு எரிச்சலூட்டிய புத்தகங்களே

1970-ம் ஆண்டு கோடையில் அமெரிக்க பேஸ்பாலின் கமிஷனர் போவி கூன் ஒரு பந்து வீச்சாளரைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். ஜிம் பவுட்டன் என்ற அந்த வீரர் எழுதிய புத்தகம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. அதில் இருப்பதெல்லாம் கற்பனை என்று பவுட்டன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது கமிஷனரின் எதிர்பார்ப்பு. பவுட்டன் மறுத்துவிட்டார். விஷயம் பத்திரிகைகளுக்கு எட்டியது. அதுவரை அப்படி ஒரு புத்தகம் இருப்பதையே அறியாதவர்கள்கூடக் கடைக்கு ஓடினார்கள். 'பால் ஃபோர்' பின்னர் லட்சக்கணக்கில் விற்றதற்குக் கமிஷனரைவிடப் பெரிய விளம்பரதாரர் யாரும் இல்லை.

தலைப்பே ஒரு தோல்வியைக் குறிக்கிறது. பேஸ்பாலில் பந்து வீசுபவர் நான்கு முறை குறி தவறினால், மட்டை பிடித்தவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். பவுட்டனின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். 1963-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 21 ஆட்டங்களை வென்று கொடுத்தவர். அடுத்த ஆண்டு வேர்ல்டு சீரீஸில் இரண்டு வெற்றி. பிறகு கை கெட்டுப்போனது. 1969-ல் அவர் தஞ்சம் புகுந்தது சியாட்டில் பைலட்ஸ் என்ற புது அணியில். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுத் திவாலாகி, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த அணி அது. வேகம் போய்விட்ட கையால், சுழலாமல் மிதந்து வரும் 'நக்கிள் பால்' வீசிப் பிழைத்தபடி, நாள்தோறும் கையில் கிடைத்த காகிதங்களில் எல்லாம் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார் பவுட்டன். பத்திரிகையாளர் லியோனார்டு ஷெக்டர் அவற்றைச் செப்பனிட்டுப் புத்தகமாக்கினார்.

பரபரப்பைக் கிளப்பியவை வேறு பக்கங்கள். தேசமே கொண்டாடிய மிக்கி மேன்டில் குடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தது, ஆட்டத்துக்கு முன் வீரர்கள் விழுங்கிய ஊக்க மாத்திரைகள், ஓட்டல்களில் பெண்களை ஒளிந்து பார்த்த அசிங்கம். டிரஸ்ஸிங் ரூமில் நடப்பது அங்கேயே இருக்க வேண்டும் என்று சக வீரர்களே கொதித்தார்கள். ஆனால் இன்று படிக்கும்போது கனமாகத் தெரிபவை சம்பளம் பற்றிய பக்கங்கள்தான். அன்றைய ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு விதி இருந்தது. ஒரு வீரர் ஓர் அணியில் கையெழுத்திட்டால், அந்த அணி விற்கும்வரை அல்லது விரட்டும்வரை அவர் வேறெங்கும் போக முடியாது. பேரம் என்பது பெயரளவுக்குத்தான். நிர்வாகி ஒரு தொகையைச் சொல்வார், வீரர் கெஞ்சுவார், கடைசியில் நிர்வாகி சொன்னதே நடக்கும். சில ஆயிரம் டாலருக்காக ஒரு நட்சத்திர வீரர் எப்படிக் கூசிக் குறுகி நிற்க வேண்டியிருந்தது என்பதை பவுட்டன் தொகையோடு எழுதிவைத்தார்.

இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர். தன்னை ஆட்டுமந்தை போல இன்னோர் அணிக்கு மாற்றியதை 1969-ல் ஏற்க மறுத்தார். 1972-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவரைக் கைவிட்டது. ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அவர் எழுதிய 'தி வே இட் ஈஸ்' 1971-ல் வந்தது. கோபத்தால் எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தை பவுட்டனுடையதோடு சேர்த்துப் படிப்பதே முறை. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு அந்த விதியை உடைத்தது. அந்த ஆண்டு ஒரு வீரரின் சராசரிச் சம்பளம் சுமார் 45,000 டாலர். 2020-களில் அது 40 லட்சம் டாலரைத் தாண்டியது.

பவுட்டனுக்குக் கிடைத்த தண்டனை வேறு விதமானது. பழைய வீரர்களை அழைத்துக் கௌரவிக்கும் விழாவுக்கு யாங்கீஸ் அவரை 28 ஆண்டுகள் கூப்பிடவில்லை. 1997-ல் அவர் மகள் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு தந்தையர் தினத்தன்று, அப்பாவை அழையுங்கள் என்று கேட்டு மகன் 'நியூயார்க் டைம்ஸி'ல் எழுதினார். அதன் பிறகே அழைப்பு வந்தது. இத்தனைக்கும் அதற்கு முன்பே நியூயார்க் பொது நூலகம் நூற்றாண்டின் முக்கியப் புத்தகங்கள் பட்டியலில் 'பால் ஃபோரை'ச் சேர்த்திருந்தது. விளையாட்டுப் புத்தகம் என்று அதில் இடம்பெற்றது அது ஒன்றுதான். பவுட்டன் 2019-ல் காலமானார்.

எல்லா நல்ல புத்தகங்களும் சண்டை போடுவதில்லை. லாரன்ஸ் ரிட்டர் பொருளாதாரப் பேராசிரியர். 1961-ல் பழம்பெரும் வீரர் டை காப் இறந்ததும், அந்தத் தலைமுறை முழுவதும் பேசாமலே போய்விடுமே என்று அவருக்குக் கவலை வந்தது. டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு 75,000 மைல் அலைந்தார். சாம் கிராஃபோர்டு என்ற முன்னாள் நட்சத்திரத்தைக் கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரின் பொதுச் சலவை நிலையத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார். அப்படி உருவான 'தி குளோரி ஆஃப் தெயர் டைம்ஸ்' (1966) நூலில் ரிட்டரின் குரலே கேட்காது, கிழவர்கள்தான் பேசுவார்கள். ராயல்டியையும் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். பேஸ்பாலின் விதிகள் தெரியாதவர் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் இதுதான். விதிகள் தெரியாமலே பாதி புரிந்துவிடும்.

ரோஜர் கானின் 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' (1972) இன்னும் கசப்பானது. 1950-களின் தொடக்கத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியோடு நிருபராகச் சுற்றியவர் கான். நிறவெறித் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் ஆடிய அணி அது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து அதே வீரர்களை வீடு வீடாகத் தேடிப் போனார். ராய் காம்பனெல்லா கார் விபத்தில் முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்தார். பில்லி காக்ஸ் மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டப்பட்டுவந்த உலக வர்த்தக மையத்தில் லிஃப்ட் கதவுகள் பொருத்திக்கொண்டிருந்தார் கார்ல் ஃபூரில்லோ. காயம்பட்டிருந்தபோது தன்னை வெளியேற்றிய கிளப் மீது வழக்குப் போட்டவர் அவர். அதன் பிறகு எந்த அணியும் தனக்கு வேலை தரவில்லை என்ற ஆறாத கோபத்தோடு இருந்தார். கான் சில இடங்களில் உருகுவது அதிகம்தான். ஆனாலும் ஃபூரில்லோ பற்றிய அத்தியாயத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. எலியட் அசினாஃப் எழுதிய 'எய்ட் மென் அவுட்' (1963), 1919 வேர்ல்டு சீரீஸில் சூதாடிகளிடம் பணம் வாங்கியதாகச் சிக்கிய எட்டு சிகாகோ வீரர்களின் கதை. ஜூரிகள் விடுவித்த பிறகும் கமிஷனர் லாண்டிஸ் அவர்களை வாழ்நாள் முழுக்க விலக்கினார். 2000-ல் ஹான்சி குரோனியே விவகாரத்தைப் பார்த்த இந்திய வாசகருக்கு ஒவ்வொரு பக்கமும் பழகிய பாதை போலிருக்கும். கஞ்ச முதலாளிதான் வீரர்களைக் கெடுத்தார் என்ற அசினாஃபின் வாதத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. தன் உழைப்பை மற்றவர்கள் திருடினால் கண்டுபிடிப்பதற்காக ஓரிரு கற்பனைப் பாத்திரங்களை நுழைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். இறந்துபோனவர்களுக்குத் தடை இனி பொருந்தாது என்று 2025 மே மாதம் கமிஷனர் ராப் மேன்ஃபிரெட் அறிவித்தபோது, எட்டுப் பேரில் ஒருவர்கூட உயிருடன் இல்லை.

சினிமா புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்தது மைக்கேல் லூயிஸின் 'மனிபால்' (2003). பணமில்லாத ஓக்லாண்ட் அணி புள்ளிவிவரத்தின் துணையோடு பணக்கார அணிகளுக்குச் சமமாக நின்ற கதை. சுவாரசியமான புத்தகம், சற்றே மிகைப்படுத்திய புத்தகமும்கூட. அந்த அணியின் மூன்று அருமையான பந்து வீச்சாளர்களை லூயிஸ் போகிறபோக்கில் கடந்துவிடுகிறார். அந்தக் கணக்குகளின் மூலவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் உணவுப்பொருள் டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றின் இரவுக் காவலாளி. 1977-ல் சொந்தச் செலவில் அவர் வெளியிட்ட முதல் 'பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்' சுமார் 75 பிரதிகள்தான் விற்றது. 2003-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஆலோசகராக்கியது. அடுத்த ஆண்டே அந்த அணி 86 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை வென்றது.

கனடாவில் ஹாக்கி என்றால் அது பனித்தரை ஹாக்கிதான். அங்கே அது எவ்வளவு ஆழமான விஷயம் என்பதற்கு ஒரு சிறுவர் கதை போதும். ரோக் காரியே எழுதிய 'தி ஹாக்கி ஸ்வெட்டர்' கதையில், மான்ட்ரியால் ரசிகனான ஒரு சிறுவனுக்குக் கடைக்காரர்கள் தவறுதலாக எதிரி அணியான டொரான்டோவின் ஸ்வெட்டரை அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதன் வரிகளைக் கனடா அரசு ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சடித்தது.

பெரியவர்களுக்கான ஹாக்கி புத்தகங்களில் முதலிடம் கென் டிரைடனின் 'தி கேம்' (1983) நூலுக்கு. மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பரான டிரைடன் 1970-களில் ஆறு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். சம்பளத் தகராறில் ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனவர். 31 வயதில் ஓய்வு பெற்றுவிட்டு, வேறு யாரையும் வைத்து எழுதாமல் தானே எழுதினார். கோல்கீப்பருக்கு ஆட்டத்தில் பாதி நேரம் வேடிக்கை பார்க்கும் வேலை. அந்த வேடிக்கையே புத்தகத்தின் பலம். எப்போதும் ஜெயிக்கும் அணியில் இருப்பவனுக்கு வரும் அலுப்பு, பயம், அடுத்தவன் முதுமையைப் பார்த்துத் தன்னைக் கணக்கிட்டுக்கொள்வது என்று, கோப்பைகளைவிட இவற்றைத்தான் அவர் அதிகம் எழுதுகிறார். பின்னாளில் கனடா அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்டம்பரில் மறைந்தார்.

டிரைடன் கண்ணியமாகச் சொன்னதை டேவிட் குரூஸ், ஆலிசன் கிரிஃபித்ஸ் இருவரும் 'நெட் வொர்த்' (1991) நூலில் கணக்கோடு சொன்னார்கள். 1957-ல் வீரர்களுக்குச் சங்கம் அமைத்தார் டெட்ராய்ட் நட்சத்திரம் டெட் லிண்ட்சே. பரிசாக சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். பத்தாண்டு கழித்து சங்கம் மீண்டும் பிறந்தபோது அதன் தலைமைக்கு வந்த வக்கீல் ஆலன் ஈகிள்சன், முதலாளிகளோடு நெருக்கமாக இருந்தபடி கால் நூற்றாண்டு கோலோச்சினார். 26 பருவங்கள் ஆடிய கார்டி ஹோவுக்கு ஓய்வூதியமாக ஆண்டுக்கு 15,000 டாலர்கூட வரவில்லை. மாசசூசெட்ஸில் ஒரு சிறு ஊர்ப் பத்திரிகையான 'ஈகிள்-டிரிப்யூனி'ன் நிருபர் ரஸ் கான்வே இதைத் தோண்டத் தொடங்கினார். அவரது 'கேம் மிஸ்கான்டக்ட்' 1995-ல் வந்தது. ஓய்வூதிய வழக்கில் முன்னாள் வீரர்கள் வென்று 4 கோடி டாலருக்கு மேல் பெற்றார்கள். 1998-ல் ஈகிள்சன் மோசடியை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். விளையாட்டுப் புத்தகங்களுக்குக் கிடைத்த அபூர்வமான பலன் இது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ஜான் பிராஞ்சின் 'பாய் ஆன் ஐஸ்' (2014), எதிரணியினரோடு கைகலப்பதற்காகவே அணியில் வைக்கப்பட்டிருந்த டெரெக் பூகார்டின் கதை. அவர் 2011-ல், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து இறந்தார். மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு தெரிந்தது. இதே காரணத்துக்காக டிரைடனும் 2017-ல் 'கேம் சேஞ்ச்' எழுதினார். 35 வயதில் இறந்த ஸ்டீவ் மான்டடோரின் வாழ்க்கை அது. பிரதியை லீக்கின் கமிஷனர் கேரி பெட்மேனிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அடிக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் பிறகும் பெட்மேனின் நிலை.

புல்தரை ஹாக்கியில் எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்தியாவின் அலமாரி இவ்வளவு பெரியதல்ல. தயான் சந்தின் சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளிவந்தது சென்னையிலிருந்து. 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகையின் வெளியீடு. தன்னைப் பற்றிப் பெருமை பேசக் கூசும் ஒரு ராணுவ வீரரின் எளிய புத்தகம். யாரையும் நோகடிக்காது. நோகடிக்கத் துணிந்தது 1982-ல் வந்த அஸ்லம் ஷேர் கானின் 'டு ஹெல் வித் ஹாக்கி'. 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதியில், மலேசியாவிடம் இந்தியா 2-1 என்று பின்தங்கி, நேரமும் கரைந்துகொண்டிருந்தபோது, பெஞ்சிலிருந்து இறக்கப்பட்டுத் தாயத்தை முத்தமிட்டு பெனால்டி கார்னரைக் கோலாக்கியவர் அவர். இந்தியா ஹாக்கியில் ஒரே ஒரு முறை உலகக் கோப்பை வென்றது அந்தத் தொடரில்தான். அதற்குப் பிறகும் அவர் தன் நூலுக்கு இப்படித் தலைப்பு வைத்தார் என்பதை யோசித்துக்கொண்டே படிக்கலாம்.

1998 டிசம்பரில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, பாங்காக்கில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. ஆட்டத்துக்குக் கட்டணம் வேண்டும் என்று குரல் எழுப்பியிருந்த கேப்டன் தன்ராஜ் பிள்ளையும் வேறு சில மூத்த வீரர்களும் அடுத்த தொடருக்கான அணியில் இல்லை. ஓய்வு என்றது ஃபெடரேஷன். லிண்ட்சேயை சிகாகோவுக்கு அனுப்பியவர்கள்கூட இவ்வளவு மென்மையான சொல்லைத் தேடவில்லை. புனே அருகே கடகியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜின் வாழ்க்கையை எழுதியவர் பத்திரிகையாளர் சந்தீப் மிஸ்ரா. 2007-ல் வந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் 'ஃபர்கிவ் மி அம்மா'. மறு ஆண்டு மார்ச்சில் இந்திய ஆண்கள் அணி, 80 ஆண்டுகளில் முதல் முறையாக, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியது. ஏப்ரலில், வீரர் தேர்வுக்கு லஞ்சம் என்ற குற்றச்சாட்டைத் தொலைக்காட்சியின் ரகசிய கேமரா கிளப்பியதைத் தொடர்ந்து, ஃபெடரேஷனே இடைநீக்கம் செய்யப்பட்டது.