பூனையின் தவம்

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகள் முதலில் யானையைப் பார்ப்பார்கள். அடுத்து யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பூனையைக் கண்டுபிடித்துக் கைகாட்டிச் சிரிப்பார்கள். இடப்பக்கம் மேலே, விலா எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். கீழே அதே கோலத்தில் பூனை. அதைச் சுற்றி எலிகள். பொய்த் தவம் செய்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதை உண்மையான தவசியின் கண்ணெதிரிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டான்.

கிறிஸ்தவனான எனக்கு அந்தப் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். தான் நடிப்பது பூனைக்குத் தெரியுமா? தெரிந்தே நடித்தால், அது எலிகளை ஏமாற்றுகிறது, தன்னை ஏமாற்றவில்லை. ஆனால் தூக்கிய கையை இறக்காமலேயே பல காலம் நின்று, எலிகளின் கும்பிடை வாங்கி வாங்கி, தான் தவசிதான் என்று உண்மையாகவே நம்பிவிட்ட பூனையை என்ன செய்வது? வேஷக்காரனைப் பற்றிய பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். வேஷம் தோலாகவே ஆகிப்போனவனைப் பற்றித்தான் எனக்குப் பயம். அது நானாக இருக்கலாம்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை நடக்கும். விசுவாசத்தில் நிலைத்திருக்கிறோமா என்று தங்களைத் தாங்களே பரீட்சித்துப் பார்க்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் அல்லவா, அதைச் செய்யும் நேரம் அது. விளக்கைக் குறைப்பார்கள், கண்ணை மூடுவோம். பொய் சொன்னேனா, கோபப்பட்டேனா, வேதம் வாசிக்கத் தவறினேனா என்று சிறு வயதிலிருந்து ஒரே பட்டியலை வைத்து என்னைச் சோதித்து வந்திருக்கிறேன். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரும் பெந்தெகொஸ்தே சகோதரர் "இரட்சிக்கப்பட்டீங்களா பிரதர்?" என்று கேட்டால், தேதியோடு பதில் சொல்லவும் என்னால் முடியும். பட்டியலில் பெரும்பாலும் தேறிவிடுவேன். கேள்வித்தாளை எழுதியவனும் விடை எழுதியவனும் திருத்தியவனும் நானே என்பது மிகவும் பிந்தித்தான் உறைத்தது.

செங்கல்பட்டின் பழைய கதை ஒன்று இதைப் புரியவைத்தது. 1880களின் கடைசியில், ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூ இங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தார். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசுதாரர்கள் கையில் இருந்தது. சேரி மக்கள் பண்ணையாட்கள். அவர்கள் குடிசை நின்ற மனையே அவர்களுடையதல்ல. எதிர்த்துப் பேசினால் மனையை விட்டு ஓட வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாரருக்கே முதல் உரிமை. ஆண்ட்ரூ இதை அரசுக்கு எழுதினார், மக்களுக்காக மனு போட்டார், நிலம் வாங்கிக் குடியேற்றங்கள் அமைத்தார். செங்கல்பட்டுக்கு அருகில் மெல்ரோசாபுரம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. 1891இல் கலெக்டர் டிரமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்கி அடுத்த ஆண்டு பிறந்த பஞ்சமி நில ஆணையும் நில உரிமை பேசுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

அந்த நாட்களில் சேரிகள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டு வந்தன. உடனே எழுந்த கேள்வி, இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, நிலத்துக்காகவா? மிராசுதாரர்கள் கேட்டார்கள். அதிகாரிகள் கேட்டார்கள். மிஷனரிகளும் தங்களுக்குள் அதையே விவாதித்து, வந்தவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். சோத்துக்கு வேதத்தில் சேர்ந்தவன் என்ற பேச்சு அன்று முதல் இன்று வரை ஓயவில்லை.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கேட்டு வந்தவனின் விசுவாசம் ஏன் பொய்யாக வேண்டும்? சுவிசேஷங்களில் இயேசுவிடம் வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? கண் தெரியாதவன் பார்வை கேட்டான், குஷ்டரோகி சுகம் கேட்டான், தாய் தன் மகளுக்காகக் கெஞ்சினாள். உன் நோக்கம் சுத்தமானதா என்று விசாரித்து யாரையும் அவர் திருப்பி அனுப்பியதாக நான் வாசித்ததில்லை. 1933இல் வெளிவந்த, பிக்கெட் என்ற மிஷனரியின் ஆய்வு, இந்தியாவின் பல பகுதிகளில் இப்படிக் கூட்டமாகச் சேர்ந்தவர்களை நேரில் விசாரித்து எழுதப்பட்டது. எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்த பின் கிடைத்த போதனையும் பராமரிப்புமே அவர்கள் வாழ்வை உருவாக்கின என்ற பக்கமே அது சாய்ந்தது.

பரம்பரைக் கிறிஸ்தவர்களையும் ஒரு காலத்தில் சோதித்தார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்த வெள்ளாளர்களில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது: யார் சமைத்தாலும் உடன் உட்கார்ந்து உண்ணாதவர் சாதியை விட்டவர் அல்ல என்று முடிவு செய்தது. அந்த மக்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணீரோடு ஜெபித்தவர்கள், கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள். கண்ணை மூடி உள்ளே தேடியிருந்தால் அவர்களுக்கு விசுவாசம் நிச்சயம் தென்பட்டிருக்கும். ஒரு பாத்திரம் கைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. உண்மையான பக்தி எது, மயக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குப் புராட்டஸ்டண்ட் உலகம் இன்றும் எடுத்து வாசிக்கும் புத்தகத்தை 1746இல் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் எழுதினார். பன்னிரண்டு அடையாளங்கள் சொல்கிறார். கடைசியாகச் சொல்வது வாழ்க்கையில் தெரியும் நடத்தை. அதற்குத்தான் அதிகப் பக்கங்கள். அதை எழுதிய கை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கி ரசீதும் பெற்ற கை. அவ்வளவு கூர்மையாகத் தன்னை ஆராய்ந்த மனிதருக்கு, தன் வீட்டில் வேலை செய்த அடிமைகள் உறுத்தவில்லை.

உறுத்தாமல் போவது எப்படி என்று யோசித்தால் என் மனம் திருமணிக்குப் போகிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். 1955 முதல் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம். 1940களின் பிற்பகுதியில் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் காக்ரேனைப் பார்க்க வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. நகம் பதிந்து வலித்தது. அழுத்தியவருக்கோ தான் வலிக்கச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. இந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன என்று பிராண்ட் கண்டுகொண்டது அப்போதுதான். வேலூரில் அவர் செய்த கை சீரமைப்பு அறுவைகளுக்கு அதுவே தொடக்கம். விரல்கள் அழிவது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் தீயிலும் கல்லிலும் படும் காயங்களால் என்பதையும் பின்னாளில் அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் வாழ்வில் இன்னொரு இரவும் உண்டு. நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் ஒரு விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து இரவெல்லாம் விழித்திருந்தார். காலையில் மறுபடி குத்தினார். வலி சுரீரென்று ஏறியது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அந்த நோயாளி தன் பிடியைப் பற்றித் தானாக எதுவும் தெரிந்துகொண்டிருக்க முடியாது; பிடிக்கப்பட்டவருக்குத்தான் தெரிந்தது. என் விசுவாசமும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். பூனையின் தவத்தைப் பற்றிப் பூனையிடம் கேட்டுப் பயனில்லை, எலிகளைக் கேட்க வேண்டும்.

1994 அக்டோபர் 10இல், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நூறு ஆண்டுக்கு முன் நிலத்துக்காக வந்தாயா என்று யாரைக் கேட்டார்களோ, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அவர்கள் கையில் இல்லை. அந்த வாரம் ஆயத்த ஆராதனையில் நான் எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை. இதற்காக அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

எங்கள் ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். இருபது வருடங்களாக ஞாயிறுதோறும் பார்க்கிறேன். திருவிருந்தில் அவருக்கும் எனக்கும் ஒரே பாத்திரம்தான். அவர் எப்போதும் கடைசியாக வருவார், அது ஏன் என்று நான் கேட்டதில்லை. போன வருடம் அவர் கணவர் இறந்தபோது முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். பேரனைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்; பையன் தெருமுனைக் கடைக்கு ஓடினான். வரும்போது கையில் ஒரு பேப்பர் கப்.

"எங்க டம்ளர்ல குடிப்பீங்களோ என்னவோன்னு..." என்றார். குரலில் குறை இல்லை. எனக்குச் சங்கடம் வரக்கூடாதே என்ற அக்கறைதான் இருந்தது.

என்னைப் பற்றி இருபது வருடங்களில் அவர் தெரிந்துகொண்டது அது. நான் அவரிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்திருக்கிறேன். என் பட்டியலில் அதெல்லாம் வரவாக இருந்தது. அந்த டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வலித்தது. பிராண்ட் நன்றி சொன்ன வலி நினைவுக்கு வந்தது; என்னால் நன்றி சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை, "டம்ளரிலேயே கொடுங்கக்கா" என்று சொல்வதற்குள் பையன் ஓடிவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே. போன மாதம் அவரே அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை துடைத்தார்.