பீட்டரும் ஓநாயும்

பீட்டரும் ஓநாயும் என்பது உருசிய இசையமைப்பாளர் செர்கேய் புரோகோபீவ் 1936 ஆம் ஆண்டில் சிறுவர்களுக்காக இயற்றிய இசைக்கதை ஆகும். மாஸ்கோவில் சிறுவர் நாடக அரங்கை நடத்திய நத்தாலியா சாத்ஸ் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இது உருவானது. கதையையும் புரோகோபீவே எழுதினார். கதைசொல்லி ஒருவர் கதையைச் சொல்ல, இசைக்குழு உடன் இசைக்கும். மேற்கத்தியச் செவ்வியல் இசையின் கருவிகளைக் குழந்தைகள் காதால் அடையாளம் காணச் செய்வதே இதன் நோக்கம்.

அமைப்பு

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனிக் கருவியும் தனி மெட்டும் உண்டு.

- பறவை: புல்லாங்குழல்
- வாத்து: ஓபோ (நாதசுவரத்தைப் போல இரட்டைச் சீவாளி கொண்டது)
- பூனை: கிளாரினெட்
- தாத்தா: பசூன்
- ஓநாய்: மூன்று பிரெஞ்சு கொம்புகள்
- பீட்டர்: வயலின் முதலிய நரம்புக் கருவிகள்
- வேட்டைக்காரர்களின் துப்பாக்கி வெடி: முரசுகள்

கதை தொடங்கும் முன்பே கருவிகள் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தப்படுகின்றன. எனவே பின்னர் கொம்புகள் ஒலித்ததும் ஓநாய் வருகிறது என்பதைக் குழந்தை தானே உணர்ந்துகொள்கிறது. ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் கதையின் முடிவில் ஓபோ மெதுவாக ஒலிக்கிறது. வாத்து ஓநாயின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிறது.

இயங்குபடங்கள்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1946 இல் இதை இயங்குபடமாக்கியது. அதில் கதைசொல்லியின் குரல் உண்டு. விலங்குகளுக்குப் பெயர்களும் சூட்டப்பட்டன. வாத்து விழுங்கப்படாமல் தப்பிவிடுவதாகக் கதை மாற்றப்பட்டது.

சூசி டெம்பிள்டன் இயக்கிய 2006 ஆம் ஆண்டுப் படம் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் முறையில் எடுக்கப்பட்டது. இதில் கதைசொல்லியும் இல்லை, உரையாடலும் இல்லை. மூலக்கதையில் ஓநாய் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இப்படத்திலோ பீட்டர் அதை விடுவித்துவிடுகிறான். 2008 இல் சிறந்த இயங்குபடக் குறும்படத்திற்கான ஆஸ்கார் விருதை இது பெற்றது.

கற்பித்தலில் பயன்பாடு

படம் குழந்தையின் கவனத்தை எளிதில் ஈர்க்கும். ஆனால் ஓநாயைக் கண் முதலில் கண்டுவிட்டால், காதுக்கு வேலை குறைந்துவிடும். ஆகவே முதலில் இசையை மட்டும் கேட்கச் செய்து, "இப்போது வருவது யார்?" என்று கேட்டபின் படத்தைக் காட்டுவது நல்லது. படம் முடிந்ததும் கண்களை மூடிக்கொண்டு மீண்டும் ஒருமுறை கேட்கலாம். அப்போது குழந்தை ஓபோவைத் தனியே பிரித்தறிந்தால், இவ்விசைக்கதையின் நோக்கம் நிறைவேறியது எனலாம்.