பழைய டெபியனில் புதிய புரோகிராம்

டெபியன் லினக்ஸ் சிஸ்டத்தைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இது. நண்பரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் புதிய பதிப்பாக இருக்கிறது. நம்முடையதோ எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அதே பழைய எண்ணைக் காட்டுகிறது. ஏதேனும் கோளாறா?

கோளாறு இல்லை. 2023 ஜூன் 10ல் வெளியான டெபியன் 12, லிப்ரே ஆபீஸ் 7.4 பதிப்பினைக் கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 9ல் டெபியன் 13 வந்தபோது அது 25.2 ஆனது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வழக்கமான அப்டேட் எதுவும் 7.4 என்ற எண்ணை மாற்றவில்லை. ஸ்டேபிள் என்ற சொல்லுக்கு இங்கு "மாறாதது" என்றே பொருள் கொள்ள வேண்டும். பழைய எண் என்பதால் பாதுகாப்புக் குறைவு என எண்ண வேண்டாம். ஓட்டை கண்டறியப்பட்டால், அதனை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருகின்றனர். பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் விதிவிலக்கு. அவற்றில் இப்படி ஒட்டுப் போடுவது சிரமம் என்பதால், புதிய பதிப்பே பாதுகாப்பு அப்டேட்டாக வந்துவிடும்.

ஒரு புரோகிராமின் புதிய பதிப்பு முதலில் சிட் என்னும் பிரிவிற்கு வரும். டெபியன் பதிப்புகளின் பெயர்கள் எல்லாம் "டாய் ஸ்டோரி" படப் பாத்திரங்கள். அதில் பொம்மைகளை உடைக்கும் பையன்தான் சிட். பெயர் பொருத்தமே! அங்கே சில நாட்கள் பெரிய பிழையின்றித் தாக்குப் பிடித்தால் டெஸ்டிங் பிரிவிற்குச் செல்லும். டெஸ்டிங் பிரிவு முழுவதும் சீரான பின்னரே அது அடுத்த ஸ்டேபிள் பதிப்பாகும்.

இந்தத் தாமதத்தின் பலன் 2024 மார்ச் மாதம் தெரிந்தது. பைல்களைச் சுருக்க உதவும் எக்ஸ்.இஸட். என்ற தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வழி ஒன்றை ஒளித்து வைத்திருந்தனர். சிட் பிரிவினைப் பயன்படுத்தி வந்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். மூலம் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று தேடிப் பார்த்து அதனைக் கண்டுபிடித்தார். சிட், டெஸ்டிங் இரண்டிலும் அந்தப் பதிப்புகள் நுழைந்துவிட்டன. ஸ்டேபிளில் இருந்ததோ பழைய 5.4.1. வீட்டில் ஸ்டேபிள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

இருந்தாலும் சில நேரங்களில் புதியது தேவைப்படத்தான் செய்கிறது. சிஸ்டம் வெளியான பின் வாங்கிய லேப்டாப்பில் வை-பி வேலை செய்யவில்லை என்றால், பழைய கெர்னலுக்கு அந்த சிப் தெரியவில்லை என்பது காரணமாக இருக்கலாம். பலர் இங்கேதான் அவசரப்பட்டு டெஸ்டிங் பிரிவினையும் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். ஒரு புரோகிராமைக் கேட்டால், அது தனக்கு வேண்டிய அடிப்படை லைப்ரரிகளையும் இழுத்து வரும். பாதி பழையது, பாதி புதியது என்று சிஸ்டம் குழம்பிவிடும். இதற்கு "பிராங்கன்டெபியன்" என்று கேலிப் பெயரே உண்டு.

சரியான வழி பேக்போர்ட்ஸ். டெஸ்டிங் பிரிவில் உள்ள புதிய பதிப்பினை எடுத்து, ஸ்டேபிளின் லைப்ரரிகளோடு இயங்கும்படி மீண்டும் கம்பைல் செய்து தருகின்றனர். டெபியன் 12 வந்தபோது அதன் கெர்னல் 6.1, அதன் பேக்போர்ட்ஸில் பின்னர் 6.12 கிடைத்தது. எல்லா புரோகிராம்களும் இதில் இருக்காது. யாரேனும் முன்வந்து தயாரித்தவை மட்டுமே இருக்கும்.

ஆப்ட் படிக்கும் முகவரிப் பட்டியலில் உங்கள் பதிப்பிற்கான பேக்போர்ட்ஸ் வரியினைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்திடுங்கள். உடனே எதுவும் மாறாது. பேக்போர்ட்ஸுக்குத் தரப்பட்டுள்ள முன்னுரிமை 100, ஸ்டேபிளுக்கு 500. எனவே நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் அங்கிருந்து வரும். சினாப்டிக் புரோகிராமில் தொகுப்பினைத் தேர்ந்தெடுத்து, பேக்கேஜ் மெனுவில் போர்ஸ் வெர்ஷன் கிளிக் செய்து பதிப்பினைத் தேர்வு செய்திடலாம். வை-பி இல்லாத லேப்டாப் என்றால், மொபைல் போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணைத்து அதன் இன்டர்நெட் இணைப்பைப் பயன்படுத்தலாம். கெர்னலுடன் பர்ம்வேர் தொகுப்பினையும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பேக்போர்ட்ஸ் தொகுப்புகளை டெபியனின் பாதுகாப்புக் குழு கண்காணிப்பதில்லை. திருத்தம் தருவது, அதனைத் தயாரித்தவரின் பொறுப்பு. எனவே தேவையான ஒன்றிரண்டை மட்டும் பெறுங்கள். புதிய எண்ணுக்காக மட்டும் லிப்ரே ஆபீஸை மாற்றத் தேவையில்லை. வந்த பைல் திறக்க மறுத்தால் அப்போது மாற்றிக் கொள்ளலாம்.

அடுத்த ஸ்டேபிளுக்கு மாறும்போது இவை தடையாகுமோ என்ற பயம் வேண்டாம். பேக்போர்ட்ஸ் பதிப்பு எண்ணின் கடைசியில் டில்டே என்னும் அலைக்குறி இருப்பதைப் பார்க்கலாம். இந்தக் குறி உள்ள எண்ணை, அது இல்லாத அதே எண்ணைவிடச் சிறியதாகவே டெபியன் கணக்கிடும். எனவே அடுத்த ஸ்டேபிளில் அதே பதிப்பு இருந்தாலும், அது தானாகவே வந்து இதன் இடத்தில் அமர்ந்து கொள்ளும்.