பூவில் கிடந்த ஒரு முடி

குடுமியான்மலை சிகாநாதர் கோயிலின் தலபுராணத்தில் ஒரு விசாரணை வருகிறது. சாமிக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து ராஜா தரிசனத்துக்கு வந்து நிற்கிறார். வேறு வழியில்லாமல் அவள் தலையில் இருந்த பூவையே வாங்கிப் பிரசாதமாகக் கொடுக்க, அதில் ஒரு முடி. ‘சாமிக்குக் குடுமி உண்டு’ என்று அர்ச்சகர் சமாளிக்க, ராஜா அதைக் காட்டச் சொல்ல, பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி முளைத்ததாம்.

சாமி தலையிடாமல், அந்த முடி தடய அறிவியல் கூடத்துக்குப் போயிருந்தால்? ஒரு முடி போதும், ஆள் மாட்டிக்கொள்வார் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். டீ ஆறுவதற்குள் இதை மட்டும் பார்த்துவிடுவோம்.

நம் தலையிலிருந்து தினமும் 50 முதல் 100 முடி உதிர்கிறது. வலிக்க வலிக்கப் பிடுங்கிய முடியின் வேரில் உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் டிஎன்ஏ ஆளையே அடையாளம் காட்டும். தானாக உதிர்ந்ததில் அது பெரும்பாலும் தேறாது. சம்பவ இடத்தில் கிடைப்பதோ அதிகமும் உதிர்ந்த முடிதான்.

வேரில்லாத முடித்தண்டில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கிடைக்கும். இதைத் தாய்வழியில் வரும் இனிஷியல் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அண்ணன், தங்கை, சித்தி எல்லோருக்கும் ஒரே இனிஷியல். அது பொருந்தவில்லை என்றால் ‘இவர் இல்லை’ என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினால் ‘இவராக இருக்கலாம்’, அவ்வளவுதான்.

இந்த டிஎன்ஏ சோதனை வருவதற்கு முன் நுண்ணோக்கியில் இரண்டு முடிகளை அருகருகே வைத்துப் பார்த்தே சாட்சி சொன்னார்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்த்து 2015இல் ஒப்புக்கொண்டது நெஞ்சை உலுக்குகிறது: குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக முடிச் சாட்சி சொல்லப்பட்டு, மறுபரிசீலனைக்கு எடுத்த 268 வழக்குகளில் 257இல் சாட்சியம் அறிவியலின் எல்லையைத் தாண்டியிருந்தது. சிலருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டிருந்தது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆலன்ஸ்டவுன் என்ற சிற்றூர்க் காட்டில் 1985இல் ஒரு பீப்பாயிலும் 2000இல் இன்னொன்றிலுமாக ஒரு பெண், மூன்று சிறுமிகளின் உடல்கள் கிடைத்தன. பல்லாண்டுகள் பெயரே தெரியவில்லை. சிதைந்து துண்டு துண்டாகக் கிடந்த டிஎன்ஏவை வேரற்ற முடியிலிருந்து பிரித்துக் கோக்கும் முறையைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எட் கிரீன் உருவாக்கினார். 2019இல் அந்தப் பெண்ணுக்கும் இரண்டு சிறுமிகளுக்கும் பெயர் திரும்பக் கிடைத்தது. கொன்றவன் அவள் நம்பிச் சேர்ந்து போன காதலன். அவன் 2010இலேயே வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தபோது இறந்துவிட்டான்.

ஆனாலும் முடி யாருடையது என்பது பாதி விடைதான். காதலனின் முடி காதலியின் தலையணையில் கிடந்தால் அதில் என்ன அதிசயம்? இருக்கக் கூடாத இடத்துக்கு அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ராஜா சரியாக அதைத்தான் பிடித்தார்: சாமி பூவில் முடி ஏது?

நம்மூரிலும் துப்புத் துலங்காத கொலைகளின் ‘கேஸ் பிராப்பர்ட்டி’ எனும் சான்றுப் பொருட்கள் எங்கெங்கோ அலமாரிகளில் கிடக்கின்றன. பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். முடியைக் காய்ந்த காகித உறையில் வைத்து, எங்கே எடுத்தது, யார் யார் கைக்கு மாறியது என்று எழுதி முத்திரையிட வேண்டும். கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது என்பதால், அந்த உறையைத் திறக்க நாளை ஒருவர் வரலாம்.