மின்கலக் கசிவும் வீட்டு மருந்தும்

நெய்யாற்று அணை அமைந்துள்ள கள்ளிக்காட்டை அடுத்த காடு 1958-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அங்கு இரவில் செல்லும் பணியாளர்க்கு டார்ச் விளக்கே துணை. வேண்டிய வேளையில் அது எரியாமற்போவதற்கு ஒரு காரணம், மின்கலத்தினின்று கசிந்த பொருள் உலோக முனைகளை அரித்து மூடிவிடுவதாகும்.

கசிவுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சாதாரண மின்கலத்தில் துத்தநாகக் கூடு கரைந்து ஓட்டையாகும்பொழுது, அமிலத்தன்மையுள்ள உப்புக்கரைசல் வெளிப்படுகிறது. இதற்குச் சமையற் சோடாவை நீரிற் குழைத்துத் தடவுக. ‘ஆல்கலைன்’ எனக் குறித்த மின்கலத்தினின்று கசியும் பொட்டாசியம் ஹைடிராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடி வெண்பொடியாகிறது. இதனை எலுமிச்சஞ்சாறு அல்லது காடி கரைத்துவிடும்.

முதலில் கையுறை அணிந்து மின்கலங்களை அகற்றுக. மருந்தைத் துணிநுனியில் சிறிதே தொட்டுத் துடைத்து, பின்பு ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்துக. எஞ்சிய கறையை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். ஹைடிராக்சைடு கண்ணுக்குப் பெருந்தீங்கு செய்யும். ஆதலால் ஆசிரியர்கள் இப்பணியை மாணவரிடம் விடலாகாது.

பயன்படுத்தாத விளக்கினின்று மின்கலங்களைக் கழற்றி வைத்தலே யாவற்றினும் சிறந்த காப்பாகும்.